பச்சை மோரிஸும் நீ வாங்கித் தந்த வண்டியும்

ஸ்ரீ:

திருவள்ளூர்,
வியாழக்கிழமை, மத்தியானம்.

சௌபாக்கியவதி மிருதுளாவுக்கு, அம்மா அநேக ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது.

இங்கே எல்லோரும் க்ஷேமம் என்று முதல் வரியில் எழுதித்தான் எனக்குப் பழக்கம். இன்றைக்கு அந்த வரியைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். எழுத முடிகிறதா பார்ப்போம்.

தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, இது என்னத்துக்குக் காகிதம் என்று நினைப்பாய். என் போன் உன் அப்பாவின் புது வண்டியோடு கூட்டுச் சேர்ந்துகொண்டுவிட்டது. போன வாரம் வண்டியில் போகும்போது உன் சித்தி கூப்பிட்டாள். "அத்திம்பேர் இன்னும் சிடுசிடுன்னுதான் இருக்காரா?" என்று அவள் கேட்டது நாலு பக்கத்து ஸ்பீக்கரிலும் முழங்கியது. அத்திம்பேர் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்! அகத்தில் பேசலாம் என்றாலோ, நான் போனை எடுத்தால் "யாரு, மிருதுளாவா?" என்று வந்து நின்றுவிடுகிறார். ஸ்நேகா தன் தங்கை நந்தினியின் கல்யாணத்துக்கு உங்கள் ஜெர்மனியிலிருந்து வந்திருக்கிறாள் இல்லையா, ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டு உடனே போன் போட்டு அழாதே. முதலில் யோசி.

உன் அப்பாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். நேரே அங்கே போனால் நீ பயந்துவிடுவாய், அதனால் வண்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நீ சித்திரையில் அந்த வண்டியை வாங்கித் தந்தபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல்தான். வாசலில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஏறவே எனக்கு ஒரு முக்காலி வேண்டியிருக்கிறது. உள்ளே ஒரு பெண்குரல் வேறு. பெல்ட் போடு என்கிறது, கதவைச் சாத்து என்கிறது. இத்தனை வருஷம் நான் சொல்லி உன் அப்பா எதையாவது காதில் வாங்கியிருக்கிறாரா? அவள் சொன்னால் மட்டும் உடனே நடக்கிறது.

நம் பழைய பச்சை மோரிஸ் காரை நினைத்துப் பார். மேலே கூரை கிடையாது, பக்கத்தில் கண்ணாடி கிடையாது. திரும்ப வேண்டுமானால் ஒரு சின்னக் கையை வெளியே நீட்டும், அதுவும் பாதி நேரம் நீட்டாது. கிளப்புவதற்குள் உன் அப்பாவுக்கு வியர்த்து வேட்டி நனைந்துவிடும். ஆனால் திருவள்ளூரில் எந்த அகத்தில் ஜானவாசம் என்றாலும் மாப்பிள்ளை அந்த வண்டியில்தான் ஊர்வலம் வந்தாக வேண்டும், அதை ஓட்டுவது உன் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு பைசா வாங்கமாட்டார். தாம்பூலமும் ஒரு பூமாலையும் போதும், ராஜா மாதிரி திரும்பி வருவார்.

அப்படிப்பட்ட மனுஷர் உன் வண்டி வந்த நாள் முதல் மோரிஸைத் தொடவே இல்லை. வைகாசியில் கேட்டவர்களுக்கு டயர் சரியில்லை என்றார். ஆவணியில் கேட்டவர்களுக்கு பிரேக் என்றார். புதுசைக் கண்டதும் பழசு கசந்துவிட்டது என்று நானும் வாய் ஓயாமல் பேசினேன். "ஆமாம், எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு, விடேன்" என்றார். கோபம்கூடப் படவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அப்புறம் எம்பார் மாமா ஒரு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்நேகாவின் தாத்தா இருக்கிறாரே, அவர் எப்படி மரியாதை பார்ப்பார் என்று உனக்குத் தெரியும். குளக்கரையில் உன் அப்பா அவரை உரசிக்கொண்டு போனாராம், சேவிக்கவும் இல்லை, ஒரு வார்த்தையும் இல்லையாம். "பொண்ணு பெரிய வண்டி வாங்கிக் குடுத்துட்டா, இனிமே ஸ்ரீராமனுக்கு நாமெல்லாம் ஒரு மனுஷாளா?" என்றார். உன் அப்பா அப்படியே விழுந்து சேவித்தார். நான் கவனிக்கலை மாமா, கவனிக்கலை மாமா என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அன்றிலிருந்து நான் கவனிக்க ஆரம்பித்தேன். பேப்பரில் பொடி எழுத்துகூடக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறார். ஆனால் இலையில் ஓரமாக அப்பளம் வைத்தால் தொடாமல் எழுந்துவிடுகிறார். கேட்டால், நீ போடவே இல்லையே என்கிறார். தோளில் எப்போதும் ஒரு கன்னிப்போன இடம் இருக்கிறது, கதவு நிலை இடித்து. பக்கத்தில் போய் நின்றால் தெரியவில்லை, பேசினால் தூக்கிவாரிப் போடுகிறது. நேரே எதிரில் இருப்பதுதான் அவருக்கு இருக்கிறது, மிருது. பக்கத்தில் இருப்பது இல்லை.

ஆனால் உன் வண்டியில் ஏறிவிட்டால் ஒரு தப்பு கிடையாது! பக்கத்தில் பைக் வந்தால் பக்கக் கண்ணாடியில் விளக்கு எரிகிறது, மாடு வந்தால் பீப் பீப் என்கிறது, ரொம்ப நெருங்கினால் தானாகவே நின்றுவிடுகிறது. அவருக்குத் தெரியாததையெல்லாம் அது பார்த்துச் சொல்கிறது. மோரிஸை ஏன் தொடவில்லை என்று இப்போது புரிகிறதா? மோரிஸ் ஒன்றும் சொல்லாது. அவரே பார்த்தாக வேண்டும்.

இதை நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனோ என்றுகூட நினைத்தேன். பிறகுதான் இளமதி வந்தாள். திருப்பாச்சூர்ப் பெண், கும்மிடிப்பூண்டியில் உன் அப்பா வேலை பார்க்கும் பாக்டரியிலேயே தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். மாசமாக இருக்கிறாள், கம்பெனி பஸ் தூக்கிப் போடுகிறது என்று உன் அப்பாதான் தினமும் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறார். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சாரு வண்டியில பாட்டே போட வுடமாட்டாரு மாமி, பேசவும் வுடமாட்டாரு. பீப் சத்தம் கேக்கணுமாம்." எப்போதும் ஏதாவது பாசுரம் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுகிறவர் அவர். போன மழையில் புதுவாயல் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் லாரிகள் வாரியடித்த சேற்றில் வண்டியின் கேமரா மூடிக்கொண்டதாம். திரையில் ஏதோ எழுத்து வந்ததாம். உன் அப்பா ஓரமாக நிறுத்திவிட்டு, மழை விடும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாராம். "டைம் ஆவுது சார்னு சொல்றேன், ஸ்டீரிங்க கெட்டியா புடிச்சிக்கினு ஒக்காந்துகினு இருக்காரு" என்றாள். அவள் அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

மறுநாள் அமாவாசை. வெளியூர்க் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணுக்காக வேண்டிக்கொண்டு கோவில் குளத்தில் வெல்லம் கரைக்கலாம் என்று போனேன். கோவில் வாசலில் பூவும் வெள்ளித் தகடும் விற்கிற சோனியா கூப்பிட்டாள். "மாமி, சாமி மாசாமாசம் அமாவாசைக்கு வெள்ளிக் கண்ணு வாங்கிக்கினு போய் உண்டியல்ல போடறாரே, ஊட்ல யாருக்கு கண்ணு நோவு?" என்றாள்.

எனக்குத்தான்டியம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். வெல்லத்தைக் கரைக்கக்கூட மறந்துவிட்டது. மாசாமாசம் என்றால் அவருக்கு எத்தனை நாளாகத் தெரியும்? வைத்திய வீரராகவப் பெருமாளிடம் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை.

உன் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது, கடைசியில் சுவரைத் தடவி நடந்தார். கண்ணுக்குள் அழுத்தம், குடும்பத்தில் வரும் என்று அப்போதே டாக்டர் சொன்னார். டாக்டரிடம் போகலாம் என்று நான் நேற்று மெதுவாக எடுத்தேன். "எனக்கு என்ன? நன்னாத்தானே இருக்கேன்!" என்று எழுந்து போய்விட்டார். போனால் ஓட்டக்கூடாது என்று எழுதிவிடுவார்கள் என்ற பயம். கம்பெனி பஸ்ஸின் கூட்டத்தில் ஏறி இறங்க இந்தக் கண்ணோடு அவரால் முடியாது, வண்டி இல்லாவிட்டால் வேலையும் போய்விடும். வேலையைவிடப் பெரிசாக இன்னொன்று. சாவியை வைத்துவிட்டால் பெரியப்பா மாதிரி ஆகிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே.

இத்தனையும் இருக்க, நாளைக்கு நந்தினியின் ஜானவாசம். பிள்ளையாத்துக்காரர்கள் முதலில் உன் வண்டியைத்தான் கேட்டார்கள். மேலே ஜன்னல் திறக்கிறதே, அதில் மாப்பிள்ளை தலையை நீட்டி நின்று வருவாராம். எம்பார் மாமாவுக்கு வந்ததே கோபம்! "மாப்பிள்ளை வரானா, ஓட்டு கேக்க வரானா? ஸ்ரீராமன் மோரிஸை எடுப்பான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். குளக்கரை விஷயத்துக்குப் பிறகு உன் அப்பாவால் எப்படி முடியாது என்று சொல்ல முடியும்? சரி என்று வந்துவிட்டார். நேற்று முழுக்க அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாளைக்கு முன்னால் நாயனக்காரர்கள் போவார்கள், சுற்றிலும் குழந்தைகள் ஏறுவதும் குதிப்பதுமாக இருப்பார்கள்.

மணவாள நகர் மெக்கானிக் வசந்தகுமாரிடம் போய், நீயே ஓட்டேன் என்று கேட்டேன். அவனுக்கு மோரிஸின் கியர் அத்துப்படி. "இன்னா மாமி, சாரு அந்த ஸ்டீரிங்க எங்கிட்ட குடுப்பாரா? கூடவே நடந்து வர்றேன், பயப்படாத" என்றான். அவனிடமும் காரணத்தைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மிச்சத்தை நாளைக்கு அப்புறம் எழுதுகிறேன்.


சனிக்கிழமை.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பாவும் சௌக்கியம். இப்போது மூச்சு விட்டுக்கொண்டு படி.

நேற்று சாயங்காலம் தேரடியில் ஊர்வலம் கிளம்பும்போது, மாலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பார்க்கட்டும். உன் அப்பாவும் பார்த்தார், கியரைப் போட்டார். பின்னால் மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு, மடியில் ரெண்டு குழந்தைகள்.

நடக்கிற வேகம்தான். அந்த வேகத்துக்கே உன் அப்பாவின் தலை மின்விசிறி மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருந்தது. நான் உதடு அசையாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். இந்தப் பக்கம் ஒரு குழந்தை. அந்தப் பக்கம் விளக்கு தூக்குகிறவர். உன் வண்டியில் இருக்கிறாளே ஒருத்தி, அவள் வேலையை நான் செய்தேன். "தெரியறது, சும்மா இரு" என்று ஒரு தடவை சொன்னார். அப்புறம் கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

பின்னாலிருந்து யாரோ பன்னீர்ச் சொம்பைக் கேட்டார்கள். எடுத்துக் கொடுக்கத் திரும்பினேன். அவ்வளவுதான். தவில்காரர் சந்திரமோகன் வாரைச் சரிசெய்துகொள்ள ஓரமாக ஒதுங்கியிருக்கிறார், மட்கார்டு அவர் முழங்காலைப் பின்னாலிருந்து தட்டிவிட்டது. தவிலோடு அப்படியே மட்கார்டு மேலேயே உட்கார்ந்துவிட்டார். சத்தம் நின்றதும்தான் உன் அப்பா பிரேக்கை மிதித்தார். அந்த மனுஷர் நல்ல மனுஷர், சிரிக்கிறார்! "இன்னா சார், மாப்ளயோட என்னையும் ஊர்கோலம் வுடறியா?" என்கிறார். ஊரே சிரித்தது. அந்த இடத்தில் அவருக்கு முன்னால்தான் ஒரு குழந்தை நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்தது நான் மட்டும்தான். இல்லை, எனக்கு அடுத்தபடி உன் அப்பாவும் பார்த்தார்.

என்ஜினை அணைத்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அம்புஜம், சந்திரமோகன் அங்க இருந்ததே எனக்குத் தெரியலை" என்றார்.

எம்பார் மாமா பதறிக்கொண்டு ஓடி வந்தார். உன் அப்பா நிமிர்ந்து, "பெட்ரோல் அடைச்சுண்டுடுத்து மாமா, இனிமே கிளம்பாது" என்றார். ஆமாம் மாமா, நேத்தே மக்கர் பண்ணித்து என்று நானும் சேர்ந்துகொண்டேன். வசந்தகுமார் பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்தான். அப்புறம் உன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவனுக்குத் தெரியாதா, எது அடைத்திருக்கிறது, எது அடைக்கவில்லை என்று? "ஆமா, அடச்சிக்கினுதான் கீது. எறங்கு சார், நான் புடிச்சிக்கறேன், பசங்க தள்ளட்டும்" என்றான். உன் அப்பா இறங்கிவிட்டார்! அந்த ஸ்டீரிங்கை இன்னொருத்தன் கையில் கொடுத்துவிட்டு இறங்கியதை நான் கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை.

மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் கத்திக்கொண்டு மண்டபம்வரை தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு ஒரே குஷி. பழைய வண்டி என்றால் நிற்கும், தள்ள வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. மோரிஸ் அவர் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது. உன் வண்டி அப்படி ஒரு சாக்குச் சொல்ல விடாது, மிருது. அது நிற்கவே நிற்காது. அவரால் முடியும் முடியும் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டே போகும், என்றைக்கோ ஒரு நாள் சேற்று மழையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் விட்டுவிடும்.

நானும் இறங்கி அவர் பக்கத்தில் நடந்தேன். தெரு விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது, தெரிந்த மனுஷர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உதறிவிடுவார் என்று நினைத்தேன். கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

இதோடு முடிந்தது, இனி டாக்டரிடம் வந்துவிடுவார் என்றுதான் ராத்திரி நினைத்துக்கொண்டு படுத்தேன். காலையில் முகூர்த்தம் முடிந்து அகத்துக்கு வந்தவர், ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். நான் இதை எழுதும்போது உன் வண்டியைத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறார். வண்டியை அல்ல, முன்னால் பின்னால் இருக்கிற அந்தச் சின்னக் கேமராக்களை மட்டும், ஒவ்வொன்றாக, குழந்தைக்குக் கண் துடைக்கிற மாதிரி. திங்கட்கிழமை வேலைக்குப் போகிறாராம். மோரிஸில்தான் பழக்கம் விட்டுப்போச்சு, இது தானே பாத்துக்கும் என்கிறார்.

வெட்கத்தை விட்டு இளமதிக்கு போன் போட்டு உள்ளதைச் சொல்லிவிட்டேன். இனிமேல் இந்த வண்டியில் ஏறாதே, சாரிடம் அம்மா அகத்தில் இருக்கப்போகிறேன் என்று சொல்லிவிடு என்றேன். சரி மாமி என்றாள். அப்புறம், "அப்போ சாரு தனியாவா மாமி போவாரு?" என்று கேட்டாள்.

அதற்கும் ஒரு வழி பண்ணியிருக்கிறேன், சிரிக்காதே. சிறுவாபுரி முருகனுக்கு வேண்டுதல், திங்கள் முதல் தினமும் உங்களோடு வந்து வழியில் இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வைஷ்ணவப் பொம்மனாட்டிக்கு முருகனிடம் என்ன வேண்டுதல் என்று அவர் கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. "சரி, முன்னாடி உக்காந்துக்கோ" என்றார். ஆனால் நான் எத்தனை நாள் உட்கார முடியும், எத்தனை தடவை திரும்பாமல் இருக்க முடியும்? நேற்று ஒரே ஒரு தடவைதான் திரும்பினேன். முடிந்தவரை லீவு போட வைக்கப் பார்க்கிறேன், சண்டை போடுகிறேன், சாவியை ஒளித்து வைக்கிறேன். ஆனால் தானாக என்னிடம் சாவியை அவர் தரமாட்டார். என்னிடம் தந்தால் நான் அவரைக் குருடர் என்று சொன்னதாக ஆகும்.

நீதான் வர வேண்டும். தீபாவளிக்கு வருகிறேன் என்றாயே, அதுவரை தாங்காது. உடனே வா. வந்து, அப்பா, எனக்கு அந்த வண்டி வேண்டும், திருப்பிக் கொடு என்று கேள். காரணம் சொல்லாதே, கண் என்ற பேச்சையே எடுக்காதே. வாங்கிக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அசிங்கம் என்று உனக்குத் தோன்றும். ஊர் உன்னைப் பேசும். பேசட்டும், உன் பேரில் பழி வரட்டும். நீ எதைக் கேட்டு அவர் இல்லை என்றிருக்கிறார்? சாவி கைக்கு வந்த பிறகு டாக்டரிடம் கூட்டிப் போவோம். இருப்பதையாவது காப்பாற்றலாம் என்று சொல்வார்கள். அதற்கு முன்னால், அங்கே நீயும் ஒரு நல்ல டாக்டரிடம் கண்ணைக் காட்டிக்கொள். உங்கள் குடும்பத்தில் வருவது என்று எழுதினேனே, அதை மறந்துவிடாதே.

க்ஷேமம் என்ற அந்த வரியை இன்னும் எழுதவில்லை. நீ வந்த பிறகு நேரில் சொல்கிறேன். வீரராகவன் உன்னையும் மாப்பிள்ளையையும் ஒரு குறையுமில்லாமல் வைக்கட்டும்.

இன்னும் ஒன்று. சாவியை வாங்கும்போது அப்பாவுக்கு நேர் எதிரில் நின்று கையை நீட்டு. பக்கத்திலிருந்து நீட்டினால் அவருக்குத் தெரியாது.

உன்னை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா,
ஹேமாம்புஜம்.